அரைக் கிலோமீட்டர் பள்ளம்

2007 அக்டோபர் 10 அன்று ரேடியோஹெட் என்ற இங்கிலாந்து ராக் குழு தன் ஏழாவது ஆல்பமான ‘இன் ரெயின்போஸ்’ஐ நேரே இணையத்தில் வெளியிட்டது. நடுவில் கம்பெனி கிடையாது. விலை உங்கள் இஷ்டம், சும்மாவும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். உலகம் முழுக்க அந்த விலையைப் பற்றியே பேச்சு. அதே ஆல்பத்துக்கு நல்ல விலை வைத்த பதிப்பு ஒன்றும் இருந்தது. டிசம்பரில் 40 பவுண்டுக்கு வந்த அந்தப் பெட்டியில், பத்துப் பாட்டும் இரண்டு வினைல் இசைத்தட்டுகளில், நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் பதிக்கப்பட்டிருந்தன. ஆண்டு திரும்பும் சமயத்தில் கடைகளுக்கு வந்த சாதாரணப் பதிப்பிலோ அதே பத்துப் பாட்டும் ஒரே தட்டில், 33⅓ சுற்று வேகத்தில் அடங்கிவிட்டன.

மொத்த இசையே சுமார் 42½ நிமிடம்தான். ஒரு தட்டில் உட்காரக்கூடியதை இரண்டில் பரப்பினால், கேட்பவர் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டும். ரசிகரிடம் காசு கறக்கும் வழி என்று சொல்லிவிடலாம். பெட்டிப் பதிப்புகளில் அதுவும் கொஞ்சம் உண்டுதான். ஆனால் இதற்கு இயற்பியலில் ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு போனால், ராக் ஆல்பங்கள் ஏன் இன்றைக்கும் நாற்பது நிமிடச் சொச்சத்திலேயே நிற்கின்றன, பேஸ் கிட்டார் ஏன் பெரும்பாலும் நடுவிலிருந்தே கேட்கிறது, அடக்கமான பாட்டு ஏன் கடைசியில் வந்து உட்காருகிறது என்பதற்கும் விடை கிடைக்கும்.

முதலில் ஒரு பழைய விடுகதை. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் எத்தனை பள்ளங்கள் இருக்கும்? ஒன்றுதான். விளிம்பில் தொடங்கி நடு லேபிளை நோக்கிச் சுருள் சுருளாக இறங்கும் ஒரே பள்ளம். ‘இன் ரெயின்போஸ்’ ஒற்றைத்தட்டுப் பதிப்பில் பக்கத்துக்கு ஐந்து பாட்டு, இரு பக்கமும் 21 நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும். தட்டு ஒருமுறை சுற்ற 1.8 விநாடி ஆகிறது. ஆகவே ஒரு பக்கத்துக்கு 700 சுற்றுக்கு மேல். பன்னிரண்டு அங்குலத் தட்டில் இசைக்கென்று கிடைப்பது மையத்திலிருந்து 14.6 சென்டிமீட்டர் தொலைவுக்கும் 6 சென்டிமீட்டர் தொலைவுக்கும் இடைப்பட்ட வளையம் மட்டுமே. அந்த 8.6 சென்டிமீட்டரை 700-ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 120 மைக்ரான் இடம்தான் தேறும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அத்தனை சுற்றையும் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 460 மீட்டர் வரும். அரைக் கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பள்ளம் மேலிருந்து பார்த்தால் கோடு, குறுக்கே வெட்டிப் பார்த்தால் ‘வி’ வடிவம். இரண்டு சுவர்களும் ஒன்றுக்கொன்று செங்குத்து. தட்டின் பரப்போடு ஒவ்வொன்றும் 45 பாகைச் சாய்வு. முள் அடிமட்டத்தைத் தொடுவதில்லை, இரண்டு சுவர்களின் மேலும் தோள் கொடுத்துக்கொண்டு ஓடுகிறது. இடது ஸ்பீக்கருக்கான ஒலி உள்சுவரில், வலது ஸ்பீக்கருக்கானது வெளிச்சுவரில். முள்ளுக்குப் பின்னால் ஒரு மெல்லிய தண்டு, அதன் மறுமுனையில் துளி காந்தம், பக்கத்தில் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒவ்வொரு சுருளும் ஒரு சுவரின் அசைவுக்கு மட்டுமே மின்சாரம் தரும் கோணத்தில் பொருத்தப்பட்டிருக்கும். ஒரு முள், ஒரு பள்ளம், இரண்டு காதுக்கான ஒலி என்ற வித்தை இவ்வளவுதான்.

இதை யோசித்தவர் ஆலன் பிளம்லைன், லண்டனில் இ.எம்.ஐ. கம்பெனிப் பொறியாளர். மனைவியோடு சினிமா பார்க்கப் போனபோது, நடிகர் திரையின் இந்தக் கோடியில் நிற்க, குரல் வேறெங்கிருந்தோ வருவது அவருக்குப் பொறுக்கவில்லை என்று ஒரு கதை உண்டு. 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1942-இல் ரேடார் சோதனை விமானம் விழுந்து இறந்தபோது அவருக்கு 38 வயது. ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்தது 1958 வாக்கில்தான். தன் கண்டுபிடிப்பு வியாபாரமானதை அவர் பார்க்கவில்லை.

இரண்டு சுவர்களும் என்ன செய்கின்றன என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாடகரின் குரல்போல இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி வரும் ஒலிக்குப் பள்ளம் முழுசாக இடமும் வலமும் நெளிகிறது. பழைய ஒற்றை ஒலித் தட்டுகளிலும் இதே பக்கவாட்டு நெளிவுதான். ஒரு பக்கச் சுவர் போகும் திசைக்கு எதிராக மறுசுவர் போனாலோ பள்ளம் அகலமாகி ஆழப்படும், அல்லது குறுகி மேலெழும். முள் ஏறி இறங்க வேண்டியிருக்கும். பெரிய பேஸ் ஒலியை இப்படி இரண்டு பக்கத்துக்கும் எதிரெதிராகக் கொடுத்தால் ஓரிடத்தில் பள்ளம் ஆழமே இல்லாமல் போய், முள் அப்படியே வெளியே குதித்துவிடும். அதனால்தான் வினைலுக்கு வெட்டும் பொறியாளர், குழு எப்படிக் கலந்து கொடுத்திருந்தாலும், பேஸைப் பிடித்து நடுவில் உட்கார வைத்துவிடுகிறார்.

பேஸால் வரும் தொல்லை இதோடு முடியவில்லை. ஒரே வலிமையோடு பதியும்போது, ஒலியின் அதிர்வெண் குறையக் குறையப் பள்ளத்தின் நெளிவு அகலமாகிக்கொண்டே போகிறது. அதிர்வெண் என்றால் ஒரு விநாடியில் எத்தனை அதிர்வு என்ற கணக்கு. விநாடிக்கு 1,000 அதிர்வுள்ள ஒலி, நல்ல சத்தத்தில், பள்ளத்தை நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கம் 8 மைக்ரான் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கணக்கில் விநாடிக்கு 50 அதிர்வுள்ள பேஸ் ஒலி 160 மைக்ரான் தள்ளும். ஒரு சுற்றுக்கு நம் கையில் இருப்பதோ 120 மைக்ரான். அடுத்த வீட்டுச் சுவரை இடித்துக்கொண்டு போய்விடும்! மறுகோடியில், 10,000 அதிர்வுள்ள சிம்பல் ஒலிக்கு நெளிவு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. பிளாஸ்டிக்கின் சொந்தச் சொரசொரப்பில் அது கரைந்துவிடும்.

இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். பதியும்போதே பேஸைக் குறைத்துவிடு, கீச்சொலியை ஏற்றிவிடு. கேட்கும்போது சரியாக அதற்கு எதிர்மாறாகச் செய். 50 அதிர்வு ஒலி பதிகையில் ஏழில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. 10,000 அதிர்வு ஒலி ஐந்து மடங்கு ஆகிறது. திரும்பக் கேட்கையில் அந்தக் கீச்சொலியை ஐந்தில் ஒன்றாக இறக்கும்போது, பிளாஸ்டிக்கின் இரைச்சலும் அதோடு சேர்ந்து இறங்கிவிடுகிறது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய். சமன்செய்தல் என்று இதற்குப் பெயர் வைக்கலாம். ஆரம்பத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கணக்கு, 1954-இல் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கம் ஒரே அளவை நிர்ணயித்தது, இன்று வரை அதுதான். டர்ன்டேபிளை ஆம்ப்ளிஃபயரில் ஏதோ ஒரு துளையில் செருகிவிட்டு, ‘என்ன இது, தகர டப்பாவில் பாடுகிற மாதிரி இருக்கிறதே’ என்று திகைப்பவர்கள் உண்டு. ‘ஃபோனோ’ என்று எழுதியிருக்கும் துளைக்குப் பின்னால்தான் அந்த எதிர்மாறு வேலையைச் செய்யும் மின்சுற்று இருக்கிறது. மற்றதில் செருகினால் சுருக்கிய பேஸும் ஏற்றிய கீச்சொலியும் அப்படியே வரும்.

இவ்வளவு செய்த பிறகும் இடம் பற்றாக்குறைதான். சத்தமாகப் பதிந்தால் நெளிவு அகலம், சுற்றுகளின் எண்ணிக்கை குறையும், நிமிடம் குறையும். நிமிடம் கூட வேண்டுமென்றால் சத்தத்தைக் குறைக்க வேண்டும். அப்போது தூசியின் பொரிபொரிப்பு இசைக்கு மேல் வந்து நிற்கும். வெட்டும் லேத் இயந்திரங்கள் இதில் ஒரு சாமர்த்தியம் காட்டுகின்றன. வரப்போகும் இசையைச் சற்று முன்கூட்டியே கேட்டுவிட்டு, அமைதியான இடங்களில் சுற்றுகளை நெருக்கியும், சத்தமான இடங்களில் தள்ளியும் போடுகின்றன. அப்படியும் சில தட்டுகளில், பாட்டு அதிரடியாகத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், அதே தொடக்கம் எங்கோ தூரத்தில் ஆவிபோலக் கேட்கும். சரியாக 1.8 விநாடிக்கு முன்னால். அடுத்த சுற்றின் நெளிவு இந்தச் சுற்றின் சுவரையும் இம்மி நெளித்துவிட்டதன் விளைவு அது. அமைதியான அறையில் ஹெட்ஃபோனோடு கேட்டால் அகப்படும். அகப்பட்ட பிறகு காதை விட்டுப் போகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாற்பது நிமிட ஆல்பம் பிறந்தது இந்தப் பேரத்தில்தான். 1948 ஜூனில் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனி 33⅓ வேகத் தட்டைக் காட்டியது. அதுவரை இருந்த 78 வேகத் தட்டில் பக்கத்துக்கு நாலு ஐந்து நிமிடம் தாண்டாது. அவை அரக்கால் ஆனவை. அந்த அரக்கில் பெரும்பங்கு நம் நாட்டிலிருந்து கப்பலேறிப் போனது. அரக்கோடு கல்மாவும் கலந்திருக்கும். எஃகு முள்ளை உரசித் தேய்த்துப் பள்ளத்துக்குப் பொருந்த வைக்க அது தேவைப்பட்டது. மாவு கலந்த பொருளில் மெல்லிய பள்ளம் எடுக்க முடியாது. வினைலில் மாவு வேண்டாம்; மேற்பரப்பு வழவழப்பு. ஆகவே பள்ளத்தை வெகுவாக மெலிதாக்க முடிந்தது. பக்கத்துக்கு இருபது நிமிடச் சொச்சம் என்ற எல்லை வந்தது. வினைலே இல்லாமல் இணையத்தில் பாட்டு விடும் இன்றைய குழுக்களும் பத்துப் பதினொரு பாட்டு, நாற்பது நிமிடம் என்றே போடுவதைப் பார்க்கும்போது, பழைய வீட்டுச் சுவர் போன பிறகும் அதன் அளவில் நாற்காலி செய்கிறார்களோ என்று எனக்குத் தோன்றும்.

இனிக் கடைசிப் பாட்டு. தட்டின் சுற்று வேகம் மாறுவதில்லை, ஆனால் பள்ளத்தின் வட்டம் சிறுத்துக்கொண்டே வருகிறது. விளிம்பில் முள்ளுக்குக் கீழே விநாடிக்கு 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில் 21 சென்டிமீட்டர்தான். அந்தக் காலத்து இன்லேண்ட் லெட்டரில் கடைசி மடிப்புக்கு வந்ததும், சொல்ல வேண்டியது பாக்கியிருக்கிறதே என்று எழுத்தை நெருக்கி எழுதுவோம் இல்லையா, அதேபோல ஒரு விநாடி இசை முழுவதும் இங்கே பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெருக்கப்படுகிறது. விளிம்பில் 51 மைக்ரான் நீளமாக இருந்த 10,000 அதிர்வு அலை, உள்ளே 21 மைக்ரான் ஆகிவிடுகிறது. சாதாரணக் கூம்பு முள்ளின் நுனி ஆரம் 18 மைக்ரான். தடித்த பேனாவால் பொடி எழுத்து எழுதவும் முடியாது, இருக்கிற பொடி எழுத்தை அதைக் கொண்டு தடவிப் படிக்கவும் முடியாது. முள் அந்த வளைவுகளுக்குள் முழுசாக இறங்காமல் மேலாகத் தாண்டிப் போகிறது. ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் கரகரக்கின்றன, சிம்பல் ஒலி மணல் வாரி இறைத்ததுபோல் ஆகிறது. உள்வட்டச் சிதைவு என்று சொல்லலாம். பக்கவாட்டு ஆரம் 8 மைக்ரான் அளவுக்குச் சிறுத்த நீள்வட்ட முட்கள் வந்ததே இதற்காகத்தான். அவை கரகரப்பைக் குறைக்கும், போக்கிவிடாது.

‘இன் ரெயின்போஸ்’ ஒற்றைத்தட்டை இந்தக் கண்ணோடு பாருங்கள். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘வீடியோடேப்’: மெதுவான பியானோ, தயங்கும் தாளம். உள்வட்டத்துக்கு ஏற்ற பாட்டு. முதல் பக்கத்தின் கடைசியில் இருப்பது ‘ஆல் ஐ நீட்’. அது பொறுமையாகத் தொடங்கி, முடிவில் பியானோவும் சிம்பலும் மோதி வெடிக்கும் பாட்டு. அந்த வெடிப்புக்கென்றே தந்தி வாத்தியக்காரர்களை ஸ்கேலின் எல்லாச் சுரங்களையும் ஒருசேர வாசிக்க வைத்தார் குழுவின் கிட்டார்காரர் ஜானி கிரீன்வுட். எல்லா அதிர்வெண்களையும் போர்த்திவிட வேண்டும் என்பது திட்டம். அதாவது ஆல்பத்திலேயே மிக அகலமான ஒலி, தட்டிலேயே மிக இடுக்கான இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறது. பாட்டு வரிசையை இசைக்காக அமைப்பதா, பள்ளத்துக்காக அமைப்பதா என்ற சண்டையில் இங்கே இசை ஜெயித்திருக்கிறது, விலையைக் கொடுத்து.

அந்த விலையைக் கொடுக்காமல் தப்பிக்கும் வழிதான் இரண்டு தட்டு, 45 வேகம். விளிம்பில் விநாடிக்கு 69 சென்டிமீட்டர். பக்கத்துக்குப் பதினோரு நிமிடம் என்றால் 500 சுற்றுக்கு உள்ளேயே முடிந்துவிடும். லேபிள் வரை போக வேண்டிய அவசியமில்லை. அதே நெருக்கத்தில் வெட்டினாலும் இசை முடியும் இடத்தில் விநாடிக்கு 40 சென்டிமீட்டர் மிச்சமிருக்கும். ஒற்றைத்தட்டின் உள்வட்டத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பெட்டியின் விலையில் இதுவும் சேர்த்தி.

இதெல்லாம் கணக்கில் சரி, பள்ளத்தில் இப்படித்தான் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? 1930-இல் புக்மன், மையர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். தட்டின் மேல் ஒரு பக்கமாக விளக்கொளியைச் சாய்வாக அடித்து, எதிரே நின்று பார்த்தால், பள்ளத்தின் சுவர்களிலிருந்து ஒளி ஒரு பட்டையாகத் திரும்பி வரும். முள் எவ்வளவு வேகமாக இடவலமாக அசைய வேண்டுமோ, அந்த அளவுக்குப் பட்டை அகலமாக இருக்கும். முள்ளே வேண்டாம், ஒரு அளவுகோல் போதும், பதிவின் வலிமையை அளந்துவிடலாம். மேலே சொன்ன ஏழில் ஒன்று, ஐந்து மடங்கு போன்ற கணக்கெல்லாம் சோதனைத் தட்டில் இப்படிக் கண்ணுக்கே தெரியும்.

கண்ணால் தட்டைப் படித்த மனிதரும் ஒருவர் இருந்தார். ஆர்தர் லிண்ட்ஜென், பிலடெல்பியா பக்கத்து டாக்டர். லேபிளை மறைத்துவிட்டுத் தட்டைக் கையில் கொடுத்தால் பள்ளத்தைப் பார்த்தே எந்த சிம்பொனி என்று சொல்வார். மோசடிகளைத் தோலுரிப்பதையே வேலையாக வைத்திருந்த மாயாஜாலக்காரர் ஜேம்ஸ் ராண்டி 1982-இல் அவரைச் சோதித்தார். டாக்டர் தேறிவிட்டார். அமானுஷ்யம் எதுவும் இல்லை: சத்தமான பகுதியும் அமைதியான பகுதியும் ஒளியை வேறுவேறாகச் சிதறடிக்கின்றன, எந்த இசை எத்தனை நிமிடத்தில் உயர்ந்து எங்கே அடங்கும் என்பது அவருக்கு மனப்பாடம். பீத்தோவனுக்குப் பிந்தைய ஆர்கெஸ்ட்ரா இசை மட்டும்தான் தன்னால் முடியும் என்று அவரே சொல்லிவிட்டார். ராண்டி நடுவில் ஒரு ஆலிஸ் கூப்பர் ராக் தட்டையும் நுழைத்திருந்தார். இது ஆர்கெஸ்ட்ராவே இல்லை என்பது டாக்டருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இன்று அவ்வளவு சிரமம் வேண்டாம். பென் கிராஸ்னோ என்ற அமெரிக்கப் பொறியாளர் 2015-இல் தட்டின் துண்டு ஒன்றை எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வைத்து, முள்ளை இம்மி இம்மியாக நகர்த்திப் படமெடுத்து ஒட்டிக் காட்டினார். இரண்டு சுவர்களும் தனித்தனியாக நெளிவதை அதில் பார்க்கலாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் வினைல்தான் உசத்தியா?’ என்று கேட்பார்கள். அளந்து பார்த்தால் இல்லை. மிகச் சன்னமான ஒலிக்கும் மிகப் பலமான ஒலிக்கும் உள்ள இடைவெளி சிடியில் 96 டெசிபெல். நல்ல வினைலில் 60, 70 தேறினால் அதிகம். ஆனாலும் சில ஆல்பங்கள் வினைலில் நிஜமாகவே கேட்க நன்றாக இருக்கின்றன. காரணம் பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் இல்லை. சிடியில் சன்னமான இடங்களையும் தூக்கி, எல்லாவற்றையும் ஒரே உச்சத்தில் நிறுத்த முடியும். எதுவும் உடையாது, காதுதான் களைக்கும். 2008-இல் மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெடிக்’ இப்படி வந்தபோது, அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமில் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு ஒலிப்பதை ரசிகர்களே ஒப்பிட்டுக் கண்டுபிடித்துக் கூச்சல் போட்டார்கள். பள்ளத்தில் அந்த அடாவடி அதே சத்தத்தில் நடக்காது. இடமும் முள்ளும் தடுக்கும். அதனால் வினைலுக்கென்று தனியாகப் பக்குவப்படுத்திய பிரதி தயாராவதுண்டு. அப்படித் தயாரிக்காமல் சிடியின் நசுங்கிய பிரதியையே தட்டில் வெட்டினால், 180 கிராம் கனத் தட்டானாலும் அதே நசுங்கல்தான் வரும். எடையால் ஒலி மேம்படும் என்பதை நான் நம்புவதில்லை.

அனலாக் இசைக்கு மட்டுமே ஓர் உயிர் உண்டு என்ற வாதத்துக்கு 2022-இல் தற்செயலாக ஒரு பரீட்சை நடந்தது. மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்கக் கம்பெனி பழைய ஆல்பங்களை உயர்ந்த விலையில் வினைலாக மறுபதிப்புச் செய்கிறது. மூலக் காந்த நாடாவிலிருந்து டிஜிட்டல் கலப்பே இல்லாமல் வருபவை என்று நம்பித்தான் ரசிகர்கள் வாங்கினார்கள். அந்த ஜூலையில் ஒரு கடைக்காரர் விஷயத்தை வெளியே விட, கம்பெனிப் பொறியாளர்கள் ஒப்புக்கொண்டார்கள்: 2011-இலிருந்தே பல தட்டுகளுக்கு நடுவில் ஒரு டிஜிட்டல் படி இருந்திருக்கிறது. அத்தனை ஆண்டுகளாக அந்தத் தட்டுகளை அனலாக்கின் உச்சம் என்று புகழ்ந்து எழுதியவர்களில் பலர் தேர்ந்த காதுக்காரர்கள். விஷயம் வெளியே வந்தது கடைக்காரர் வழியாகத்தான், காதின் வழியாக இல்லை. வழக்கு நீதிமன்றம் போய்ச் சமரசத்தில் முடிந்தது.